இளைஞர் மன்றமும் இணைய முகப்பும்

மக்கள் தனித்து வாழும் இயல்பினர் அல்லர். கூடி வாழும் இயல்பினர். இவ்வியல்பு இளமைப் பருவத்தில் மிகுதியாக வெளிப்படும். ஆடுகளத்திலும் படிப்பகத்திலும் கலையரங்கிலும் இளைஞர் ஒன்றுகூடுகின்றனர்; கூடிய சில நாள்களில் தமக்கென ஒரு மன்றத்தை அமைத்துக்கொள்கின்றனர். 1844-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் துணிக்கடையொன்றில் பணிபுரிந்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்னும் இளைஞர் தம் தோழர் சிலரோடு சேர்ந்து ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் ஒய்.எம்.சி.ஏ. என்னும் பெயரால் பல நாடுகளிலும் பரவியது. சிற்றூர்களிலும் பேரூர்களிலும் இன்று இளைஞர் மன்றங்கள் பல இயங்கிவருகின்றன.

மன்றம் எவ்வளவு சிறியதாயினும் அதற்கு உறுப்பினர் பதிவேடு ஒன்று வேண்டும். யார் யார் சேர்ந்துள்ளனர், அவர்தம் வயது யாது, சந்தா செலுத்தியோர் எவர், செலுத்தாதோர் எவர், விளையாட்டின்போது ஒருவருக்கு அடிபட்டால் யாருக்குச் செய்தி சொல்லவேண்டும் என்பன எல்லாம் அப்பதிவேட்டில் அடங்கும். நெடுங்காலமாக இப்பதிவேடு கோடிட்ட நோட்டுப் புத்தகமாகவே இருந்துவந்தது. மன்றச் செயலாளர் அதனை அலமாரியில் பூட்டி வைத்திருப்பார். புதியவர் ஒருவர் வந்தால் எடுத்து எழுதுவார்.

அந்த நோட்டுப் புத்தகத்திற்குக் குறைகள் உண்டு. அஃது ஓரிடத்தில்தான் இருக்கும். செயலாளர் வெளியூர் சென்றுவிட்டால் பொருளாளருக்குப் பயன்படாது. மழையில் நனையும், நாள்பட்டால் கிழியும். பழைய முகவரியை அடித்துப் புதிய முகவரியை எழுதி எழுதி, எது சரியானது என்று அறிய முடியாமற் போகும். எனினும் அதற்கு ஒரு சிறப்பும் உண்டு. அதன் பக்கங்களுக்கு ஓரம் உண்டு. கட்டத்திற்குள் அடங்காத செய்தியைச் செயலாளர் அந்த ஓரத்தில் எழுதிக்கொள்வார். 'இந்த எண் அக்காளுடையது; மாலையில் மட்டும் அழைக்க' என்று ஒரு பெயருக்கு அருகில் எழுதுவார்; 'பிறந்த நாள் தெரியவில்லை; பள்ளிச் சான்றிதழ் பிறகு தருவார்' என்று மற்றொரு பெயருக்கு அருகில் எழுதுவார். கட்டம் வரைந்தவர் எண்ணிப் பாராத நிலைமைக்கும் ஓரம் இடங்கொடுத்தது.

இக்காலத்தில் மன்றங்கள் பல தம் பதிவேட்டை இணையத்திற்கு மாற்றிவருகின்றன. அதற்குரிய கருவி வலைச் செயலி எனப்படும். கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள உலாவியின் வழியே திறந்து பயன்படுத்தத்தக்கது அது. அதற்கு இரண்டு பகுதிகள் உள்ளன. செய்திகளைச் சேர்த்துவைத்துக் காக்கும் பகுதி ஒன்று. அது தொலைவில் உள்ள வழங்கிக் கணினியில் இருக்கும். அதனைப் பின்புலம் என்பர். பயன்படுத்துவோர் கண்ணால் கண்டு கையால் தொடும் பகுதி மற்றொன்று. அதனை முகப்பு என்பர். வீட்டிற்குக் களஞ்சியமும் வேண்டும், வாயிலும் வேண்டும். களஞ்சியம் எவ்வளவு உறுதியாயினும் வாயில் குறுகியிருந்தால் வருவோர் தலையில் இடிபடும். ஆதலின் முகப்பை அமைக்கும் முறையை அறிந்துகொள்வது நலம்.

இணையப் பக்கத்தின் முகப்பு மூன்று மொழிகளால் ஆகியது. முதலாவது, எச்.டி.எம்.எல். என்பது. சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனிவா நகரை அடுத்துள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர் 1989-ஆம் ஆண்டில் உலகளாவிய வலை என்னும் கருத்தை எழுதி முன்வைத்தார். அவ்வலையின் பக்கங்களை எழுதுவதற்கு அவர் வகுத்த மொழியே எச்.டி.எம்.எல். ஆகும். இது தலைப்பு, இது பத்தி, இது படிவம், இது பொத்தான் என்று பக்கத்தின் உறுப்புகளை அது குறித்துக்காட்டும். 1993-ஆம் ஆண்டில் செர்ன் ஆய்வகம் வலையின் மென்பொருளை எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. சிற்றூர் மன்றமும் இன்று தனக்கென ஒரு பக்கம் அமைக்க இயல்வதற்கு அவ்வறிவிப்பும் ஒரு காரணமாகும்.

இரண்டாவது, சி.எஸ்.எஸ். என்பது. நார்வே நாட்டினரான ஹோக்கன் வியும் லீ என்பவர் 1994-ஆம் ஆண்டில் இதற்கு அடிகோலினார்; 1996-ஆம் ஆண்டில் இதன் முதல் தரநிலை வெளியாயிற்று. எழுத்தின் அளவு, நிறம், இடைவெளி, அமைப்பு ஆகியவற்றை இது கூறும். மூன்றாவது, ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த பிரெண்டன் ஐக் என்பவர் 1995-ஆம் ஆண்டில் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாள்களில் உருவாக்கினார். பொத்தானைத் தொட்டவுடன் யாது நிகழவேண்டும் என்பதை இது கட்டளையிடும். முதல் மொழி சுவர் எழுப்புகிறது. இரண்டாம் மொழி வண்ணம் தீட்டுகிறது. மூன்றாம் மொழி கதவை அசையச் செய்கிறது.

இம்மூன்றையும் கற்றவர் உடனே எழுதத் தொடங்குதல் கூடாது. முகப்பு யாருக்காக என்று முதலில் வினவுதல் வேண்டும். மன்றத்தில் சேர வரும் பதினான்கு வயது மாணவி ஒருத்தி. அவளுக்கு இசைவு தரவேண்டிய தாய். சந்தாக் கணக்குப் பார்க்கும் பொருளாளர். மாலைதோறும் வருகையைக் குறிக்கும் பயிற்சியாளர். ஆண்டு முடிவில் பட்டியல் எடுக்கும் செயலாளர். இவ்வைவரும் ஒரே பக்கத்தைத் திறப்பினும் அவர்தம் தேவை ஒன்றன்று. பயிற்சியாளர் ஆடுகளத்தில் நின்றுகொண்டு, கண்கூசும் வெயிலில், ஒரு கையால் கைப்பேசியைத் தொடுவார். பொருளாளர் இரவில் மேசையில் அமர்ந்து கணினியில் பார்ப்பார். ஒவ்வொருவரும் செய்யும் பணியை வரிசைப்படுத்தி, பக்கங்களைத் தாளில் பென்சிலால் வரைந்து பார்த்தல் நன்று. தாளில் அழிப்பது எளிது; எழுதி முடித்த நிரலை அழிப்பது அரிது.

முகப்பின் உயிர்நிலை சேர்க்கைப் படிவமே. படிவத்தில் கட்டம் வரைவது எளிய செயல்போலத் தோன்றும். ஆயினும் ஒவ்வொரு கட்டமும் ஒரு வினா. வருவோர் அதற்கு விடை கூறியே உள்ளே நுழைதல் வேண்டும். விடை கூற இயலாதவர் வெளியே நிற்பர். நோட்டுப் புத்தகத்திற்கு இருந்த ஓரம் படிவத்திற்கு இல்லை. 'கட்டாயம்' என்று குறிக்கப்பெற்ற கட்டத்தை நிரப்பாவிடின் பொத்தான் நகராது, கெஞ்சினாலும் கேளாது. ஆகவே நோட்டில் செயலாளர் ஓரத்தில் எழுதித் தீர்த்த சிக்கல்களை, முகப்பை அமைப்பவர் முன்கூட்டியே எண்ணித் தீர்க்கவேண்டியவராகிறார்.

பெயர்க் கட்டத்தை எடுத்துக்கொள்க. மேலைநாட்டு வழக்கைத் தழுவிய படிவங்கள் பல, முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்களை வைத்து, இரண்டையும் கட்டாயம் ஆக்குகின்றன. தமிழரிற் பெரும்பாலோர்க்குக் குடும்பப்பெயர் என்பது இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டுத் தம் பெயரை எழுதுவதே அவர்தம் வழக்கம். அத்தகையோர் இரண்டாம் கட்டத்தில் தந்தை பெயரை எழுதுவர்; அல்லது ஒரு புள்ளியை இடுவர்; அல்லது தம் பெயரையே இருமுறை எழுதுவர். பின்னர்ச் சான்றிதழ் அச்சிடும்போது பெயர் மாறி நிற்கும். 'முழுப்பெயர்' என ஒரே கட்டம் வைப்பின் இவ்விடர் இல்லை.

அக்கட்டத்தின் நீளத்திலும் ஒரு நுட்பம் உண்டு. 1991-ஆம் ஆண்டில் வெளியான யூனிகோடு தரநிலையின் முதற்பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றன. அம்முறையில் 'மீ' என்பது ஓர் எழுத்தாயினும் மகரத்திற்கு ஒரு குறியீடும் ஈகாரக் குறிக்கு மற்றொரு குறியீடுமாக இரண்டு குறியீடுகள் ஆகும். 'ட்' என்பதிலும் டகரம் ஒன்று, புள்ளி ஒன்று. மீனாட்சிசுந்தரம் என்னும் பெயரைத் தமிழ் மாணவர் எண்ணினால் 9 எழுத்துகள். கணினி எண்ணினால் 16 குறியீடுகள். பெயருக்கு 15 இடம் போதும் என்று ஒருவர் வரம்பு கட்டினால், இறுதி மகரத்தின் புள்ளி விழுந்துவிடும். மெய்யெழுத்து உயிர்மெய்யாகும், பெயர் பிழையாகும். பெயருக்கு உரியவர் செய்த பிழை அதில் யாதும் இல்லை.

அடுத்தது பிறந்த நாள். 03/04/2010 என்று எழுதினால் இந்தியர் அதனை ஏப்ரல் 3 எனக் கொள்வர். மாதத்தை முன்னே எழுதும் அமெரிக்கர் மார்ச் 4 எனக் கொள்வர். 2026 மார்ச் 20 அன்று 16 வயது நிறையாதோர் மட்டுமே ஒரு பந்தயத்தில் ஆடலாம் என்று விதி இருப்பதாகக் கொள்க. ஏப்ரல் 3-இல் பிறந்த மாணவிக்கு அன்று 15 வயதே நிறைந்திருக்கும், அவள் ஆடலாம். நிரல் அதனை மார்ச் 4 என்று படித்துவிட்டால் அவள் 16 வயது நிறைந்தவளாகிவிடுவாள். குழுவிலிருந்து அவள் பெயர் நீங்கும். ஆதலின் மாதத்தைப் பெயரால் காட்டுதல் வேண்டும். சேமித்து வைக்குங்கால், 1988-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் தரநிலைப்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2010-04-03 என வைத்தல் நன்று. வயதைத் தனியே எழுதி வைத்தல் ஆகாது. அஃது ஆண்டுதோறும் மாறுவது. பிறந்த நாளை வைத்துக்கொண்டு வயதை வேண்டும்போது கணக்கிடுவதே முறை.

தொலைபேசி எண்ணும் இத்தகையதே. அஃது எண் எனப்படினும் கூட்டவும் பெருக்கவும் உரிய தொகை அன்று. அதனைத் தொகையாகச் சேமித்தால் முன்னே நிற்கும் சுழி மறைந்துவிடும். சென்னையின் 044 வெறும் 44 ஆகிவிடும். எனவே அதனை எழுத்துத் தொடராகவே வைத்தல் வேண்டும். அக்கட்டத்தைத் தொட்டவுடன் கைப்பேசியில் எண்விசைகள் தோன்றும்படி செய்வதும் எளிது. கட்டத்தின் வகை தொலைபேசி எனக் குறித்தால் உலாவியே அதனைச் செய்துவிடும்.

அதனினும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒருவருக்கு ஓர் எண் என்று கருதி, 'இந்த எண் முன்பே பதிவாகியுள்ளது' என்று மறுக்கும் படிவங்கள் பல. ஒரு வீட்டில் கைப்பேசி ஒன்றே இருக்கலாம். அது தாயிடம் இருக்கலாம். அண்ணன் முதலில் சேர்ந்துவிட்டால் தங்கை சேர இயலாது. நோட்டுப் புத்தகம் அவளைத் தடுத்ததில்லை. இங்கே அவளைத் தடுப்பது வறுமையும் அன்று, மன்றத்தின் விதியும் அன்று. நிரலாளர் சிந்தியாது எழுதிய ஒரே வரி. ஒவ்வோர் உறுப்பினருக்கும் மன்றமே தனி எண் வழங்கி அதனையே அடையாளமாகக் கொண்டால், ஒரு கைப்பேசி எண்ணை மூவர் பகிர்ந்துகொள்வதால் கேடு ஒன்றும் இல்லை.

கட்டங்களை வகுத்தபின் அவற்றைக் காட்டும் முறையை எண்ணுதல் வேண்டும். கட்டத்தின் உள்ளே மங்கலாகப் 'பெயர்' என்று எழுதி, வேறு தலைப்பு இடாமல் விடுவது சிலர் வழக்கம். எழுதத் தொடங்கியதும் அச்சொல் மறைந்துவிடும். எதனை எழுதினோம் என்று சரிபார்க்க வழியிராது. கட்டத்திற்கு மேலே நிலையான தலைப்பு இருத்தல் வேண்டும். அத்தலைப்பு இன்ன கட்டத்திற்கு உரியது என்று எச்.டி.எம்.எல். மொழியில் இணைத்தலும் வேண்டும். பார்வையற்றோர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் பக்கத்தைக் காதால் கேட்டறிகின்றனர். தலைப்பு இணைக்கப்பெற்றிருந்தால் 'முழுப்பெயர்' என்று அது படிக்கும். இணைக்கப்படாதிருந்தால் வெறும் கட்டம் என்று மட்டுமே சொல்ல நேரும். இணைப்பதற்கு ஒரு வரி போதும்.

நிறத்தை மட்டும் நம்பிப் பொருள் உணர்த்துதலும் தவறு. சந்தா செலுத்தியோர் பெயர் பச்சை, செலுத்தாதோர் பெயர் சிவப்பு எனப் பட்டியலில் வைத்தால், அவ்விரு நிறங்களையும் பிரித்தறிய இயலாதவர்க்கு இரண்டும் ஒன்றே. நிறத்தோடு 'செலுத்தினார்', 'நிலுவை' என்னும் சொற்களையும் எழுதுதல் வேண்டும். 2008-ஆம் ஆண்டில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட அணுகுதன்மை நெறிமுறை, இயல்பான அளவுள்ள எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டும் என்கிறது. ஆடுகளத்து வெயிலில் கைப்பேசியைப் பார்க்கும் பயிற்சியாளருக்கும் இவ்விதி பயன்தரும். குறையுடையோர் பொருட்டுச் செய்த வசதி குறையற்றோர்க்கும் உதவுவது இவ்வாறே.

படிவத்தை நிரப்புவோர் பிழை செய்வது இயல்பு. அப்போது முகப்பு பேசும் சொல் எத்தகையது என்பதில் அதன் பண்பு விளங்கும். 'பிழை; மீண்டும் முயல்க' என்று சிவந்த எழுத்தில் காட்டி, அதுவரை எழுதியவற்றை எல்லாம் அழித்துவிடும் படிவமும் உண்டு. அது வாயிலில் நின்று விரட்டுவதற்கு ஒப்பாகும். எந்தக் கட்டத்தில் பிழை, யாது பிழை, எவ்வாறு திருத்துவது என்னும் மூன்றையும் சொல்லுதல் வேண்டும். 'கைப்பேசி எண்ணில் 10 இலக்கங்கள் வேண்டும். இங்கே 9 உள்ளன' என்பது நல்ல செய்தி. சரியாக எழுதியவை எல்லாம் எழுதியபடியே இருத்தலும் வேண்டும்.

சேர்ந்தோரின் பட்டியலைக் காட்டுதல் முகப்பின் மற்றொரு பணி. 'உறுப்பினர் 112 பேர்' என்று மேலே ஓரிடத்தில் எழுதி, கீழே பெயர்களை வரிசைப்படுத்தியிருப்பதாகக் கொள்க. ஒருவர் விலகியதும் பட்டியலில் அவர் பெயரை நீக்கிவிட்டு மேலே உள்ள எண்ணை மாற்ற மறந்தால் இரண்டும் முரண்படும். இம்முரண்பாட்டைத் தவிர்க்கவே, செய்தியை ஓரிடத்தில் வைத்து, திரையில் தோன்றுவன எல்லாம் அதிலிருந்தே பிறக்கும்படி செய்யும் முறையைப் பலரும் பின்பற்றுகின்றனர். பேஸ்புக் நிறுவனம் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ரியாக்ட், எவான் யூ என்பவர் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட வியூ ஆகியன இம்முறைக்குத் துணைசெய்யும் கருவிகள். இவற்றில் பக்கம் சிறுசிறு கூறுகளாகப் பிரிக்கப்படும். ஓர் உறுப்பினரைக் காட்டும் அட்டை ஒரு கூறு. அதனை ஒருமுறை எழுதினால் 112 பேருக்கும் பயன்படும்.

பட்டியலை அகரவரிசையில் அடுக்குவதிலும் கவனம் வேண்டும். தமிழ் நெடுங்கணக்கில் னகரம் இறுதியில் நிற்கும். யூனிகோடு குறியீட்டு வரிசையிலோ அது நகரத்திற்கு அடுத்து நிற்கும். வெறும் குறியீட்டு வரிசைப்படி அடுக்கினால் வனிதா முன்னும் வளவன் பின்னுமாக வருவர். தமிழ் அகராதி முறைப்படி வளவனே முன்வருதல் வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் தமிழ் வரிசையறிந்து ஒப்பிடும் வசதி உண்டு. தமிழ் என்று மொழியைக் குறிப்பிட்டு அதனைப் பயன்படுத்தினால் பெயர்கள் முறையாக அமையும்.

திரையின் அகலம் கருவிக்குக் கருவி வேறுபடும். கணினித் திரைக்கென வகுத்த எட்டுப் பத்தி அட்டவணை கைப்பேசியில் அடங்காது. 2010-ஆம் ஆண்டில் ஈத்தன் மார்கோட் என்னும் வடிவமைப்பாளர், திரைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் பக்க அமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அகன்ற திரையில் அட்டவணையாகவும் குறுகிய திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அட்டைகளாகவும் ஒரே பக்கம் தோன்றும்படி சி.எஸ்.எஸ். மொழியால் செய்யலாம். வருகை குறிக்கும் பொத்தான்கள் விரலுக்கு அடங்கும் அளவில், ஒன்றையொன்று நெருக்காமல் இருத்தல் வேண்டும்.

இணைய இணைப்பு எங்கும் ஒருபடித்தாய் இருப்பதன்று. 'சேர்க' என்னும் பொத்தானைத் தொட்டபின் பத்து நொடி யாதும் நிகழாவிடின் எவரும் மறுமுறை தொடுவர். விளைவு, ஒருவரே இரண்டு உறுப்பினராகப் பதிவாதல். தொட்டவுடன் 'அனுப்பப்படுகிறது' என்று பொத்தான் சொல்லுதல் வேண்டும். ஒரே விண்ணப்பம் இருமுறை வந்தால் ஒன்றாகவே கொள்ளும்படி ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் ஓர் அடையாளக் குறி இட்டு அனுப்புதலும் வேண்டும். இணைப்பு அறுந்தால் எழுதியவை அழிந்துபோகாமல் அந்தக் கருவியிலேயே தற்காலிகமாகச் சேர்த்துவைக்கலாம். ஆயினும் பலரும் மாறிமாறிப் பயன்படுத்தும் கருவியாயின் அவற்றை அங்கு விட்டுவைத்தல் தகாது.

இங்கே இன்றியமையாத எச்சரிக்கை ஒன்று உண்டு. முகப்பு வாயிலே அன்றிக் காவலன் அன்று. முகப்பின் நிரல் பயன்படுத்துவோரின் கருவியிலேயே இயங்குவது. அறிந்தவர் எவரும் அதனைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். எனவே முகப்பில் செய்யும் சரிபார்ப்பு எழுதுவோர்க்கு உதவியே. உண்மையான சரிபார்ப்பைப் பின்புலமும் மீண்டும் செய்தல் வேண்டும். அங்ஙனமே, திரையில் காட்டாமல் மறைத்தது காக்கப்பட்டதாகாது. உறுப்பினர் அனைவரின் முகவரியையும் பின்புலம் அனுப்பிவிட, முகப்பு அதனைக் காட்டாமல் விட்டால், தேடத் தெரிந்தவர் கையில் அது சிக்கிவிடும். காணும் உரிமை இல்லாதவர்க்கு அச்செய்தியை அனுப்பாதிருப்பதே காவல்.

இளைஞர் மன்றத்தில் இது மிகவும் கருதத்தக்கது. உறுப்பினர் பலர் சிறுவர். ஒரு சிறுமி எந்தத் தெருவில் வாழ்கிறாள், எந்த நாளில் எத்தனை மணிக்குப் பயிற்சிக்கு வருகிறாள் என்பன தீயோர் கையில் சேரத்தகாத செய்திகள். இந்திய நாட்டில் 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரைக் குழந்தைகள் எனக் கொண்டு, அவர்தம் செய்திகளைக் கையாளப் பெற்றோரின் மெய்ப்பிக்கத்தக்க இசைவு வேண்டும் என்று வகுத்துள்ளது. ஆகவே இசைவு கேட்கும் பகுதி, பெற்றோர் படித்தறியும் எளிய மொழியில் அமைதல் வேண்டும். கேட்கத் தேவையில்லாததைக் கேளாதிருத்தல் அதனினும் நன்று. தந்தையின் வருமானம் பந்தாட்டத்திற்கு எதற்கு? கேளாத செய்தி களவு போவதில்லை.

இவ்வளவும் எண்ணிச் செய்தபின்னும் எவரும் எண்ணாத நிலைமை ஒன்று வந்தே தீரும். அதற்கும் முகப்பில் வழி இருத்தல் வேண்டும். 'வேறு குறிப்பு' என ஒரு கட்டம் வைக்கலாம். அக்குறிப்பைச் செயலாளர் மட்டும் காணும்படி அமைக்கலாம். சான்று பிறகு தருவார் என்று குறித்து, ஒருவரைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளும் உரிமையைச் செயலாளருக்கு வழங்கலாம். கைப்பேசி இல்லாதவர் நேரில் வந்தால் மன்றத்தாரே படிவத்தை நிரப்பித் தரலாம். நோட்டுப் புத்தகத்தின் ஓரம் இவ்வாறு புதிய வடிவில் திரும்பி வரும்.

முகப்பு முடிந்ததா என்பதை அறிய நிரலாளர் தாமே பார்த்துக்கொள்வது போதாது. எழுதியவர்க்கு எல்லாம் எளிதாகவே தோன்றும். மன்றத்தில் சேர வரும் ஒரு சிறுவனையும் கணினியில் பழகாத ஒரு தாயையும் அழைத்து, கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, வாய்பேசாமல் அருகில் அமர்ந்திருத்தல் வேண்டும். அவர்கள் எங்கே தயங்குகின்றனரோ அங்கே குறை உள்ளது. 'இதுகூடத் தெரியவில்லையே' என்று அவர்களைக் கடிதல் கூடாது. தெரியும்படி அமைக்கவில்லையே என்று முகப்பைத் திருத்துதல் வேண்டும்.

வலைச் செயலியின் அழகு அதன் வண்ணத்தாலும் அசைவாலும் மட்டும் அளக்கப்படுவதன்று. ஒற்றைப் பெயருடையவனும், கைப்பேசியைப் பகிர்ந்துகொள்ளும் தங்கையும், கண்பார்வை இல்லாத மாணவனும், இணைப்பு மெலிந்த ஊரில் வாழும் உழவர் மகளும் அதன் வாயிலில் இடறாமல் உள்ளே வருகின்றனரா என்பதே அதன் அளவுகோல். கட்டம் வரைபவர் கையில் ஒரு சிறு அதிகாரம் இருக்கிறது. யாரைச் சேர்ப்பது, யாரை நிறுத்துவது என்பதை அவர் அறிந்தோ அறியாமலோ முடிவு செய்கிறார். அறிந்து, அன்போடு முடிவு செய்பவரே நல்ல நிரலாளர். மன்றத்தின் முகப்பை அமைக்கக் கற்கும் இளைஞர், மொழிகள் மூன்றோடு இப்பண்பையும் கற்பாராக.